“பைல் திறக்குதில்ல சேர்”



போன கிழமை ஓ.எல். வகுப்பில் ஒரு மாணவனை எழுப்பி, “ஏன் மகன் பாஸ்ட் பேப்பர் செய்யல்ல?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “உம்மாட போன்ல பைல் திறக்குதில்ல சேர்” என்றான். சாட்டு என்று நினைத்து நாலு பேருக்கு முன்னால் ஏசிவிட்டேன்.

பின்னேரம் அவனுடைய உம்மா போனையே கொண்டுவந்து காட்டினார். லிங்கை அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது, பிறகு வெள்ளைத் திரை, பிறகு பிறவுசரே மூடிக்கொள்கிறது. டவுன்லோட் பண்ணப் போனால், பைல் பெரிது, வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்க முடியாது என்று ஒரு எச்சரிக்கை. அந்த மனிசி பயந்துபோய் விட்டுவிட்டார். மூன்று தரம் முயன்றதில் டேட்டா கார்டும் முடிந்துவிட்டது.

அந்தப் பைலைச் செய்தவன் நான்தான். 78 பக்கத்தையும் போனால் கலரில் படம்பிடித்து, ஒரே பீடிஎப் ஆக்கி, டிரைவில் போட்டு லிங்கை அனுப்பியிருந்தேன். 140 எம்பி. என் லெப்டொப்பில் டக்கென்று திறந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்று தேடிப் பார்த்தேன். இரண்டு விசயம் விளங்கியது.

ஒன்று, பைலின் எம்பி வேறு, அதைத் திறக்கப் போனுக்குத் தேவைப்படும் மெமரி வேறு. ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐ கலரில் ஸ்கேன் பண்ணினால் அதில் 87 லட்சம் புள்ளிகள். சுருக்கி வைத்திருக்கும்போது ஒன்றிரண்டு எம்பிதான். திரையில் காட்ட விரிக்கும்போது ஒரு பக்கத்துக்கே சுமார் 26 எம்பி வேண்டும். 2 ஜிபி ரெம் போன், ஏற்கெனவே நாலைந்து பக்கம் திறந்திருக்கிற பிறவுசர், எப்படித் தாங்கும்?

மற்றது, எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பீடிஎப்பில் வழக்கமாகக் கடைசியில்தான் இருக்கும். சிக்னல் விழுந்து 95 வீதம் வந்து நின்றாலும் அட்டவணை வந்திருக்காது. அதனால்தான் ‘பைல் பழுது’ என்று காட்டுகிறது. பழுது இல்லை, முழுசா வரவில்லை.

பெற்றோருக்குச் சொல்வது இதுதான்:

1. வட்ஸ்அப், பேஸ்புக் உள்ளேயே திறக்க வேண்டாம். லிங்கை குரோம் அல்லது பயர்பொக்ஸில் திறந்து, முதலில் டவுன்லோட் செய்யுங்கள். பிறகு பீடிஎப் செயலியில் திறவுங்கள்.
2. திறக்காவிட்டால் பைலின் அளவைப் பாருங்கள். அனுப்பிய அளவைவிடக் குறைவென்றால் அழித்துவிட்டுத் திரும்ப இறக்குங்கள். போனில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.
3. அளவு சரியென்றால் மற்றச் செயலிகளை மூடி, போனை ரீஸ்டார்ட் பண்ணி, பிறவுசரை அப்டேட் செய்து பாருங்கள்.
4. திரும்பத் திரும்ப ரீலோட் அடிக்க வேண்டாம். ஒவ்வொரு தரமும் டேட்டா போகும்.
5. வேறு போனில் திறந்தால் உங்கள் போனில் பிரச்சினை. எந்தப் போனிலும் திறக்காவிட்டால் பைலில் பிரச்சினை. வெட்கப்படாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

ஆனால் இந்தப் பாரத்தை முழுக்கப் பெற்றோர் தலையில் போடுவது நியாயமில்லை. என் கருத்து, முதலில் மாற வேண்டியது அனுப்புகிற நாங்கள்.

“பிரிண்ட் எடுத்துக் கொடுங்களேன்” என்று சிலர் சொல்வார்கள். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது ஞாபகமிருக்கும். கொமினிகேசனில் 78 பக்கம் கொப்பி அடிக்க எல்லா வாப்பாமாருக்கும் முடியாது. “நல்ல போன் வாங்கட்டும்” என்பவர்கள், வாவியில் வலை வீசி அன்றாடம் சீவிக்கிற வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2020இல் கொரோனாவுக்குப் பாடசாலை மூடியதிலிருந்து போன்தான் பாதி வகுப்பறை. அந்த வகுப்பறையின் கதவு சில பிள்ளைகளுக்கு மட்டும் திறக்காமல் இருந்தால் அதற்கு நாமும் பொறுப்பு.

சக ஆசிரியர்களே, டைப் செய்த பேப்பரைப் படம்பிடிக்காதீர்கள். வேர்டிலிருந்தே பீடிஎப்பாகச் சேமியுங்கள். ஸ்கேன்தான் வழி என்றால் கறுப்பு வெள்ளையில் 150 டிபிஐ போதும். 300ஐ 150 ஆக்கினால் புள்ளிகள் நாலில் ஒன்றாகிவிடும், எழுத்தும் வாசிக்கலாம். பாடம் பாடமாகப் பிரியுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைத் தன் தளத்தில் அப்படித்தான் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டிருக்கிறது. செய்தியில் ‘2 எம்பி’ என்று அளவை எழுதுங்கள். அனுப்பும் முன் வீட்டிலிருக்கும் பழைய போனில் ஒருதரம் திறந்து பாருங்கள்.

நான் அந்த 78 பக்கத்தையும் திரும்பச் செய்தேன். ஒன்பது சின்னப் பைல், ஒவ்வொன்றும் 2 எம்பிக்குள். ஒரு இரவு வேலைதான். அந்த உம்மாவின் போனில் திறந்தது.

மறுநாள் ஏசிய அதே வகுப்பில், அதே பிள்ளைகளுக்கு முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டு, செய்து முடித்த முதல் பேப்பரைத் தந்தான்.

இலகுபடுத்திக் கொடுப்பது நம் மார்க்கம் சொல்லித் தந்த பண்பு. பிள்ளைகளின் படிப்பு நம்மிடம் இருக்கிற அமானிதம். இனி ஒரு பிள்ளை “திறக்குதில்ல” என்றால், ஏசுவதற்கு முன் பைலின் எம்பியைப் பார்ப்போம்.