பினாங்கில் பெய்யும் பஞ்சுப் பனி

ஜனவரித் திங்களில் ஜார்ஜ்டவுன் பாலர் பள்ளிகள் சிலவற்றின் சுவர்களைக் காண்போர்க்கு வியப்பு உண்டாகாமல் இராது. நீலத்தாளில் பஞ்சை ஒட்டிப் பனிமழை செய்திருப்பார்கள். கழுத்தில் கம்பளியும் மூக்கிற்குக் காரட்டும் வைத்த பனிமனிதன் ஒருவன் அருகில் நிற்பான். பென்குவின் வரும்; கையுறை வரும்; குளிர்காலத்தை உறங்கியே கழிக்கும் கரடியும் வரும். அம்மாதத்தின் கருப்பொருள் 'குளிர்காலம்'. நான்கு வாரமும் ஓயாத வேலை: வெட்டல், ஒட்டல், எண்ணல், பாடல். இவ்வளவிற்கும் தலைக்கு மேலே மின்விசிறி முழுவேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். பஞ்சு பறக்கிறதே என்று ஆசிரியை அதனைச் சற்று நிறுத்தினால், பிள்ளைகளின் சட்டை வியர்வையில் நனைந்துவிடும்.

பினாங்குத் தீவு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஐந்து பாகைக்குச் சற்று மேலே கிடக்கிறது. ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்திற்கும் மிக வெப்பமான மாதத்திற்கும் இடையே சராசரியில் இரண்டு பாகை வேறுபாடுகூட இல்லை. ஜனவரியும் பிப்ரவரியுமோ இங்கு மழை குறைந்து வெயில் காயும் மாதங்கள். அந்த வெயிலில் அமர்ந்து ஐந்து வயதுப் பிள்ளை வெளியே பனி கொட்டுவதாகப் பாடுகிறது. கண்டதைச் சொல்லப் பழகவேண்டிய வயதில், காணாததைக் கண்டதுபோற் சொல்லப் பழகுகிறது. கல்வியின் முதற்படியையா இப்படி இடுவது?

இதில் மொழிக்கேடு ஒன்றும் உண்டு. தமிழில் பனி என்பது விடியலில் புல்நுனியில் நிற்கும் துளி. தமிழர் ஆண்டை ஆறு பருவமாகப் பகுத்து, அவற்றுள் மார்கழியையும் தையையும் முன்பனி என்றனர். மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றனர். ஆங்கில ஏட்டின் 'ஸ்னோ'வைக் கண்ணை மூடிக்கொண்டு 'பனி' எனப் பெயர்த்துப் பஞ்சால் ஒட்டிவிட்டால், பின்னாளில் இலக்கிய வகுப்பில் முன்பனிக்காலம் என்று ஆசிரியர் சொல்லும்போது மாணவன் மனத்தில் எழுவது எது? கம்பளி கட்டிய வெள்ளைப் பொம்மைதான். உறைபனி, வெண்பனி என்னும் சொற்கள் இருந்தும் அவற்றை எடுத்தாள எவரும் முனைவதில்லை.

பாலர் கல்வியே மேனாட்டார் தந்ததுதானே, அவர்கள் முறையை அப்படியே கொள்வதில் என்ன பிழை என்பாரும் உளர். அம்முறையை முழுதும் அறியாதார் கூற்று அது. செருமனியில் 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்க்கெனப் பள்ளி தொடங்கிய ஃபுரோபல், 1840இல் அதற்குப் பிள்ளைகளின் தோட்டம் என்னும் பொருளில் 'கிண்டர்கார்ட்டன்' எனப் பெயர் சூட்டினார். பெயரளவில் நில்லாமல், பிள்ளைகள் தம் கையால் பயிரிடப் பாத்திகளும் வைத்தார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையாரோ, உலகப்போரின் காரணமாக 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்க நேர்ந்தபோது, அம்மலையின் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் பிள்ளைகள் முன்வைத்தே இயற்கைப் பாடத்தை வளர்த்தார். இத்தாலியிலிருந்து படம் வரவழைத்து அவர் பாடம் நடத்தவில்லை. அந்நாட்டுப் பிள்ளை பனியைக் கற்பது தன் வாசலில் பனி கிடப்பதனால். அவர்களிடம் கற்கவேண்டிய முறை அதுவே. முறையை விட்டுப் பனியை மட்டும் எடுத்துக்கொண்டது இங்குள்ளோர் குற்றம்.

பினாங்கின் வாசலில் அம்மாதங்களில் என்ன கிடக்கிறது? தேங்காய் கிடக்கிறது. தைப்பூசத்தையொட்டி, பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைச் சாலையின் நகரத்தார் கோவிலுக்கு வெள்ளித்தேர் புறப்படும்போது, வழியெங்கும் குவியல் குவியலாகத் தேங்காய் உடைபடும். 2017 முதல் பொற்றேரும் செல்கிறது. ஒரு பாலர் வகுப்பிற்கு இதைவிடப் பெரிய பாடப்பொருள் வேண்டுமா? பத்துப் பத்தாக அடுக்கினால் எண். முழுத்தேங்காய், மூடித்தேங்காய் என்றால் பாதியும் முழுமையும். கையில் தூக்கினால் கனம். ஓட்டை நீரில் மிதக்கவிட்டால் அறிவியல். நார், ஓடு, பருப்பு, இளநீர் எனத் தொட்டும் சுவைத்தும் பெறும் சொற்கள் எத்தனை! தண்ணீர்ப் பந்தலில் ஊற்றும் சர்பத்தின் நிறங்கள், காவடியின் மயிற்பீலி, உறுமியின் ஒலி, தேர் இழுக்கும் காளை என ஒவ்வொன்றிலும் ஒரு நாள் பாடம் உண்டு. தண்ணீர்மலையில் குன்றின்மேல் உள்ள முருகன் கோவிலுக்கு 513 படிகள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவும் எண்ணத் தெரியாது. பத்துப் படிக்கு ஒரு கூழாங்கல் எடுத்துவைக்கத் தெரியும்.

அது ஒரு சமயத்தாரின் விழாவன்றோ, வகுப்பில் தமிழ் முஸ்லிம் பிள்ளையும் கிறித்துவப் பிள்ளையும் இருப்பரே என்னும் கேள்வி நேர்மையானது. தேங்காயை எண்ணுவது வழிபாடு ஆகாது என்பதே விடை. அத்தெருவில் சீனரும் தேங்காய் உடைக்கின்றனர். தைப்பூசம் விழாப்பாடமாக மட்டும் நிற்குமானால் அது குறைதான். 1801ஐத் தொடக்கமாகக் கொண்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சீனப் பெருநாளின் சிவப்பு விளக்கும் பிள்ளை நடந்துபோகும் தொலைவிலேயே உள்ளன. நெல் விளையும் வயலைக் காண வேண்டின் செபராங் பிறை போதும். பொங்கலுக்குத் தஞ்சாவூர்ப் படம் ஒட்டவேண்டியதில்லை. கடல் கடந்து வரும் பொருள் தமிழகத்திலிருந்து வந்தாலும் இறக்குமதிதான்.

குளிர்காலம் என்ற தலைப்பு கட்டாயம் வேண்டுமெனில், இந்நாட்டிற்கே உரிய ஒன்று இருக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில், வறண்ட நாள்களில், ரப்பர் மரம் இலையுதிர்க்கும். பச்சை மஞ்சளாகிச் செம்மை ஏறித் தரை முழுதும் மூடும். சில வாரங்களில் இளந்தளிர் அரும்பும். தோட்டத்துத் துரைமார் இதனை 'விண்டரிங்' என்றே அழைத்தனர். பால் குறையும், பால் குறைந்தால் கூலி குறையும். பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகளுள் பலருடைய பாட்டன் பாட்டிமார் அறிந்த குளிர்காலம் அதுவே. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறிவிட்டன. ஆயினும் செபராங் பிறையிலும் கெடாவிலும் பால்மரம் இன்னும் நிற்கிறது. ஒரு சாக்கு உதிர்ந்த இலைக்கு விலை ஏது? அதனை நிறம்பிரித்து அடுக்கச் செய்து, பாட்டி வெட்டிய மரம் இது என்று சொன்னால், பிள்ளை வீட்டிற்குப் போய்ப் பாட்டியிடம் கேட்கும். பனிமனிதனைப் பற்றி எந்தப் பாட்டியிடம் கேட்பது?

உலகத்தை அறியவேண்டாமா என்றால், அறியட்டும். ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங்கைக் கையில் கொடுத்து, அது உருகுவதைப் பார்க்கவைத்து, வானத்திலிருந்தே இப்படி விழும் நாடுகளும் உண்டு என்று சொல்லட்டும். கைக்கு எட்டியதிலிருந்து எட்டாததற்குப் போவது பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டிலேயே சொல்லித்தரும் செய்தி.

பழியை ஆசிரியைமேல் போடுவது எளிது, முறையன்று. சிறு ஊதியத்தில் இருபது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவர், அடுத்த வாரத்திற்குப் பயிற்சித்தாள் தேடும்போது அகப்படுவது அயல்நாட்டுத் தாள். தமிழில் இந்த ஊர்த் தேங்காயும் இந்த ஊர்ப் படியும் வரைந்த தாள் எளிதில் கிடைப்பதில்லை. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கி இரண்டு நூற்றாண்டு கடந்தும் இந்நிலை. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றிற்குப் பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று பெற்றோர் மனத்துள் முடிவாவது பாலர் பள்ளிக் காலத்தில். தமிழ் என்பது அயலார் ஏட்டின் மங்கிய பெயர்ப்பு என்று அவர்களுக்கு அங்கே தோன்றிவிட்டால், மூல ஏட்டையே நாடிப் போவார்கள். அவர்களைக் குறைசொல்ல இடமில்லை.

எழுத்தாளர்கள் சிறுகதைக்குப் போட்டி வைக்கின்றனர். புதுக்கவிதைக்கு அரங்கம் கூட்டுகின்றனர். ஐந்து வயதுப் பிள்ளை தேங்காய் எண்ணிப் பாட ஆறு வரி எழுதியவர் எத்தனை பேர்? முப்பது பக்கத்தில் ஒரு தை மாத ஏடு போதும்: பத்துப் பாடல், பத்துப் படம், பத்துப் பயிற்சி. 2022இல் மார்ச்சுக்குத் தள்ளிப்போன பள்ளித் தொடக்கம் 2026இல் மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டது. ஆகவே ஏடு டிசம்பரில் ஆசிரியர் கையில் இருக்கவேண்டும். ஐப்பசிக்குள் கையெழுத்துப்படி அச்சகத்திற்குப் போகவேண்டும்.