மாலையைக் கன்னியாகுமரியில் போடுங்கள்!

சென்னையில் இருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிள் பயணமா? முதல் காட்சி எப்போதும் ஒன்றுதான்.

விடியற்காலையிலேயே வாலிபர்கள் ஒரே நிற பனியனில் வரிசையாக நிற்பார்கள். பேனர் ரெடி. மைக் ரெடி. போட்டோகிராபர் ரெடி. கொடி அசைக்க வேண்டிய பிரமுகரை மட்டும் காணோம்!

"ஐயா கிளம்பிட்டாரு, இதோ வந்துடுவாரு" என்று சமாதானம் சொல்வார்கள். அவர் வந்து, பேசி, மாலை போட்டு, படம் எடுத்து முடிப்பதற்குள் மணி பத்து. ஐந்து மணிக்கே புறப்பட்டிருந்தால் செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகத்தை நெருங்கி இருப்பார்கள். இப்போதோ சுட்டெரிக்கும் வெயிலில் தாம்பரம் நெரிசலில் மாட்டிக்கொண்டு விழிக்கிறார்கள். இது பயணமா, தண்டனையா?

700 கி.மீ. விளையாட்டு அல்ல

கன்னியாகுமரி சுமார் 700 கி.மீ. தினம் 100 கி.மீ. மிதித்தாலும் முழுசாக ஒரு வாரம். முதல் நாளுக்கு உற்சாகமே போதும். அடுத்த நாள்தான் உட்காரும் இடம் புண்ணாகும், முழங்கால் பிடித்துக்கொள்ளும், கை மரத்துப்போகும். அப்போது கைகொடுப்பது பிரமுகரின் வாழ்த்தா? பல மாதப் பயிற்சிதான்!

பிரான்ஸ் நாட்டில் பாரிசில் இருந்து பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் 1,200 கி.மீ. சைக்கிள் பயணம் 1891-ல் தொடங்கியது. அதிகபட்சம் 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஆசைப்பட்டவர் எல்லாம் அதில் இறங்கிவிட முடியாது. அதே ஆண்டில் 200, 300, 400, 600 கி.மீ. என்று படிப்படியாக ஓட்டி, குறித்த நேரத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும். இரவில் விளக்கும், வெளிச்சம் பட்டால் மின்னும் மேல்சட்டையும் கட்டாயம். நம் நாட்டுக்காரர்களும் இப்படித் தேறித்தான் அங்கே போகிறார்கள்.

இங்கே? பனியன் அளவு சரியாக இருந்தால் போதும், ஆள் ரெடி!

கடைசி ஆள்தான் கணக்கு

முன்னால் பறக்கிறவரை வைத்துக் குழுவின் வேகத்தைக் கணக்குப் போடக்கூடாது. கடைசியில் மூச்சு வாங்க வருகிறாரே, அவருடைய வேகம்தான் குழுவின் வேகம். அவர் யார், எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை நிற்க வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியிலேயே தெரிந்துவிட வேண்டும். அவருக்கும் பின்னால் அனுபவசாலி ஒருவர் வர வேண்டும். இல்லாவிட்டால் அவர் ரோட்டோரம் விழுந்து கிடந்தாலும் பத்து கி.மீ. தாண்டித்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

பஞ்சர் ஒட்ட ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். உதிரி டியூப், பம்பு, பிரேக் ஒயர் கையோடு இருக்க வேண்டும். நாள் முழுக்க வியர்த்தவருக்கு வெறும் தண்ணீர் பத்தாது. உப்பு-சர்க்கரைக் கரைசல் வேண்டும்.

திருநெல்வேலி தாண்டியதும் "ஊர் வந்தாச்சு" என்று நினைத்துவிட வேண்டாம். தென்மேற்குப் பருவ மாதங்களில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் காற்று, காவல்கிணறு பக்கம் சைக்கிளைத் தள்ளிப் பார்க்கும். அத்தனை காற்றாலைகள் அங்கே சும்மாவா நிற்கின்றன?

எல்லாவற்றுக்கும் மேலாக, பொழுது சாய்ந்தால் பெடலை நிறுத்த வேண்டும். காலையில் விழாவில் தொலைத்த ஐந்து மணி நேரத்தை ராத்திரியில் மிதித்து ஈடுகட்டப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. பின்னால் வரும் லாரி டிரைவரின் கண்ணில் சைக்கிள் படவில்லை என்றால் என்ன ஆகும்? அந்தப் பையனின் போனுக்காக ஒரு தாய் வீட்டில் கண்விழித்துக் காத்திருப்பாளே!

எனவே, விழா நடத்துகிறவர்களே! கொடியை முந்தின நாள் சாயங்காலமே அசைத்துவிடுங்கள். விடிவதற்குள் பையன்களை நிம்மதியாகக் கிளம்ப விடுங்கள். மாலையைப் பத்திரமாக வைத்திருங்கள். போன அத்தனை பேரும் முழுசாகக் கன்னியாகுமரி வந்து சேரட்டும். கடைசி ஆள் கழுத்தில் முதல் மாலையைப் போடுங்கள்!