மருந்துக்கு முன்னால் ஒரு சட்டம்

புற்றுநோய் முதுமையின் நோய் என்பது பொதுவான எண்ணம். தோல் புற்றுநோய்களில் மிகக் கொடியதான மெலனோமா, மேலை நாடுகளில் பதின்பருவத்தினரையும் விட்டுவைப்பதில்லை. அந்த வயதில் அது அரிது. அரிது என்பதாலேயே வெறும் மச்சம் எனக் கருதப்பட்டு, நோயறிதல் தாமதமாகிறது.

இதற்குப் பரம்பரையை மட்டும் காரணம் காட்டுவது எளிது. செந்நிற முடியையும் வெளிறிய தோலையும் தரும் எம்சி1ஆர் மரபணு வேறுபாடுகள் ஆபத்தைக் கூட்டுவது உண்மையே. ஆனால், அமெரிக்காவின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. வழக்கமான வகை மெலனோமாவுக்கு ஆளான 15 வளரிளம் பருவத்தினரின் கட்டிகளில் காணப்பட்ட ஒற்றை எழுத்து மரபணு மாற்றங்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை புற ஊதாக் கதிரால் நேர்ந்தவை. அவை பிறப்போடு வந்தவை அல்ல, பின்னர் சேர்ந்தவை.

பிறவியிலேயே உள்ள பெரிய மச்சங்களிலிருந்து தோன்றும் வகைக்கு இது பொருந்தாது. எனவே, சிகிச்சையின் தேவை ஒருநாளும் மறையாது. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இபிலிமுமாப் மருந்து 2011-இல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது; 12 வயதினருக்கு அது எட்டியது 2017-இல்தான். அறிமுகமானபோது நான்கு தவணைகளின் விலை சுமார் 1,20,000 டாலர்.

தோலைப் பழுப்பாக்கும் புற ஊதா ஒளிப் படுக்கைகளை, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இலேயே உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில் பிரேசில் அவற்றைத் தடை செய்தது. ஆஸ்திரேலிய மாநிலங்களும் 2016-க்குள் அவற்றின் வணிகப் பயன்பாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அமெரிக்காவோ 2010-இல் 10 சதவீத வரி விதித்தது. 18 வயதுக்கு உட்பட்டோருக்கு நாடு தழுவிய தடையை அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2015-இல் முன்மொழிந்தும், அது நடைமுறைக்கு வரவில்லை. சில மாநிலங்கள் மட்டுமே தாமாகத் தடை விதித்தன.

நுகர்வோரின் விருப்பத்தில் அரசு தலையிடலாமா என்பது தடையை எதிர்ப்போரின் வாதம். விளைவை அறிந்து தேர்வு செய்பவருக்கே அந்தச் சுதந்திரம் பொருந்தும். பதினாறு வயதில் வாங்கும் நிறத்தின் விலையை முப்பது வயதில் செலுத்த நேரிடும் என்று எந்தச் சிறுமி கணக்கிடுவாள்? லாபம் நிலைய உரிமையாளருக்கு. மருத்துவச் செலவு குடும்பத்துக்கும் காப்பீட்டுக்கும் பொதுக் கருவூலத்துக்கும். இந்த இடைவெளியைப் பத்து சதவீத வரி நிரப்பாது.

புதிய மருந்துகள் உயிர் காக்கட்டும். தவிர்க்கக்கூடிய நோயை அனுமதித்துவிட்டு மருந்தை மட்டும் கொண்டாடுவது கொள்கையாகாது.