தே இல்லாத தே

போன தைப்பூசத்துக்கு விரதம் இருந்த என் பெரியம்மா, தோட்டத்திலிருந்து பேரனோடு பஸ் ஏறிக் கிள்ளானுக்கு வந்தார். வெயிலில் தொண்டை வறண்டது. பேரன் ஒரு கடையின் பலகையைக் கூட்டிப் படித்தான்: "பக்... குட்... தே. தே கடை பாட்டி!"

உள்ளே போய், "தவுக்கே, தே ஓ ரெண்டு" என்றாராம் பெரியம்மா. நெற்றித் திருநீற்றைப் பார்த்த தவுக்கே பதறிப்போய், "அம்மா, சினி பாபி!" என்று வாசல்வரை வந்து, எதிர்ச்சாரியில் இருந்த நம்மவர் கடையைக் காட்டினாராம். ஒரு மாத விரதம் தப்பியது!

ஹொக்கியன் மொழியில் 'பக்' என்றால் இறைச்சி. சும்மா சொன்னால் பன்றி இறைச்சிதான். 'குட்' எலும்பு. 'தே' தேநீரேதான். ஆனால் சட்டியில் ஒரு தேயிலைகூட விழுவதில்லை. பட்டை, அன்னாசிப்பூ, பூண்டு, மருந்து வேர்கள் போட்டு எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாறு அது. தேநீரைப் பக்கத்தில் வைத்துத் தனியாகக் குடிப்பார்கள். கிள்ளானுக்குப் பேர் வாங்கித் தந்த இந்த உணவை 2024இல் அரசாங்கம் பாரம்பரிய உணவுகளில் ஒன்றாக அறிவித்தது.

அந்தத் 'தே' லேசுப்பட்ட சொல் இல்லை. ஹொக்கியன்காரர் வாயிலிருந்து மலாய்க்குப் போனது, வெள்ளைக்காரனுக்கு 'டீ' ஆனது, நமக்குத் தேத்தண்ணீர் ஆனது. ஊரில் சொல்லும் 'சாயா', சீனாவின் வேறு பகுதிகளில் வழங்கும் 'சா'. 'தாரிக்' என்றால் மலாயில் இழு. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் குவளைக்குக் குவளை இழுத்து ஆற்றுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் எதற்கு?

பெட்டாலிங் ஸ்திரீட்டில் 'ஆயர் மாத்தா கூச்சிங்' விற்கிறார்கள். 'ஆயர் மாத்தா' கண்ணீர், 'கூச்சிங்' பூனை. பூனைக் கண்ணீரா என்று முகம் சுளிக்காதீர்கள். 'மாத்தா கூச்சிங்', அதாவது பூனைக்கண், ஒரு பழத்தின் பெயர். இது அந்தப் பழத்தண்ணீர்.

இனிப்புநீர் உள்ளவர்கள் மட்டும் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். 'கோப்பி ஓ' என்றால் சீனி போடாத கோப்பி என்று பலர் நினைக்கிறார்கள். 'ஓ' என்பது ஹொக்கியனில் கறுப்பு. பால்தான் போகும், சீனி அடியிலே கிடக்கும். அதுவும் வேண்டாமென்றால் 'கோசோங்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மலாயில் அதற்குக் காலி என்று பொருள். எங்கள் பெரியப்பா இரண்டு வருஷம் 'ஓ' குடித்துவிட்டு, சீனி இறங்கவில்லையே என்று மருந்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது கடை வாசலில் கால் வைக்கும்போதே "கோசோங்!" என்று சத்தம் போடுகிறார்.