முகப்பருவும் மூடநம்பிக்கையும்

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் ஆகிய பகுதிகளில் மோட்டார் வண்டி, கைபேசி, செருப்பு முதலியவை செய்யும் தொழிற்சாலைகளில் இன்று ஆயிரக்கணக்கான வாலிபப் பெண்கள் வேலை செய்து வருகின்றார்கள். அவர்களில் அநேகர் வெளி ஜில்லாக்களிலிருந்து வந்து, விடுதிகளில் தங்கி, முறை மாற்றி இரவும் பகலும் உழைத்து, தங்கள் சம்பளத்தைத் தாங்களே வாங்குகின்றவர்கள். 1929-ம் வருஷம் பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாடு, பெண்களுக்குச் சொத்திலும் உத்தியோகத்திலும் சம உரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அன்று அந்தச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த மண்ணில்தான் இந்தப் பெண்கள் இன்று இயந்திரங்களை நடத்துகின்றார்கள்.

இப்படிப்பட்ட ஒரு பெண்ணின் முகத்தில் நாலு பரு கிளம்பிவிட்டால் என்ன நடக்கின்றது? "பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்லுவார்கள்?" என்று தாயார் அழுகின்றாள். "யாரையோ நினைத்து ஏங்குகிறாய், அதுதான்" என்று கூட இருப்பவர்கள் கேலி செய்கின்றார்கள். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்து கொள் என்கின்றாள் அத்தை. உப்பு கரைவது போலப் பருவும் கரையுமாம்! தண்ணீர் பட்டால் உப்பு கரைவது உப்பின் குணமே ஒழிய, அதில் சாமிக்கு என்ன வேலை என்று கேட்கின்றோம். பரு இருபது வயதுக்கு மேல் பலருக்குத் தானாகவே குறைந்து போவதால், அதற்குள் போட்ட உப்புக்கெல்லாம் சாமி பேர் வாங்கிக் கொள்கின்றது.

பருவுக்குக் காரணம் ஏக்கமுமல்ல, தோஷமுமல்ல, "உடம்புச் சூடு"மல்ல. பருவ வயதில் உடம்பில் சுரக்கும் சில நீர்களால் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாக வேலை செய்கின்றன. மயிர்த்துளையின் வாய் அடைபட்டு, எண்ணெய் உள்ளே தேங்கி, அங்கே எப்போதுமே குடியிருக்கும் கிருமிகள் பெருகி, இடம் வீங்கிச் சிவக்கின்றது. இவ்வளவுதான். நாள் முழுதும் முகக்கவசமும் தலைக்குல்லாயும் உராய்ந்து, வியர்வையும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகலாம். இது ஆண்களுக்கும் வருகின்றது. ஆண் பிள்ளைக்குப் பரு வந்தால் அவன் கலியாணம் நின்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நிற்க, சமையலறைச் சாமான்களைப் பற்றிச் சொல்லுவோம். காசு குறைவு என்பதால் ஏழைப் பெண்கள் அவற்றை நாடுவதில் நாம் குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் பாட்டி சொன்னதெல்லாம் சரி என்பதும், பழையதெல்லாம் தப்பு என்பதும் யோசிக்க மறுப்பவர்களின் இரண்டு சோம்பேறித்தனங்களே ஆகும். ஒவ்வொன்றும் என்ன செய்கின்றது என்று பார்க்க வேண்டும். எலுமிச்சம் பழச்சாறு கடும் புளிப்பு. அதைத் தடவிக் கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துப் போகும். சமையல் சோடா இதற்கு நேர்மாறானது. இலேசான புளிப்புத் தன்மையுள்ள தோலின் இயற்கைக் காப்பை அது கெடுக்கும். பற்பசை எரிக்கும். தேங்காய் எண்ணெய் பலருக்குத் துளையை அடைக்கும். மஞ்சளில் கொஞ்சம் குணமிருக்கலாம். ஆனால் அதைப் பூசிப் பரு போனதென்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சோதனை நடக்கவில்லை.

தேனைச் சோதித்தே பார்த்திருக்கின்றார்கள். நியூசிலாந்தில் 136 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவார் கிருமி நாசினிச் சோப்பை மட்டும் உபயோகிக்க, மற்றவர் அதோடு மருந்துத் தரமான தேனும் தடவினார்கள். தேனால் அதிகப் பலன் ஏதும் காணவில்லை என்று 2016-ல் வெளியிட்டார்கள். தேனும் தெய்வீகமானது என்று பேசுகிறவர்களிடம் இப்படி ஒரு கணக்கு உண்டா?

அப்படியானால் காசில்லாத வைத்தியமே இல்லையா என்றால், உண்டு. சாதாரணத் தண்ணீரும் காரம் குறைந்த சோப்பும் கொண்டு தினம் இரண்டு வேளை, தேய்க்காமல் முகம் கழுவுவது. வேலை முடிந்ததும் வியர்வையைக் கழுவுவது. வலிக்கும் பருவின் மேல் துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சற்று வைப்பது. எல்லாவற்றிற்கும் மேலாக நகத்தால் கிள்ளாமலிருப்பது. நகத்தால் கிள்ளினால் தழும்பு விழும் அபாயம் அதிகமாகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கடைகளில் இருக்கின்றது. சிவப்பாக்கும், பரு போக்கும் என்று சொல்லி விற்கப்படும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கின்றது. முதல் வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து சிவந்து, மயிர் முளைத்து, நிறுத்தினால் பரு முன்னிலும் மோசமாக வரும். இதனாலேயே 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் இருக்கின்றது. களிம்பு கடையில் இருக்கின்றது. கருப்பு நிறம் ஒரு வியாதியென்று நம்பும் சமூகத்தில் வியாபாரி சும்மா இருப்பானா?

கடைசியாக, தொழிலாளத் தோழர்கள் பலரும் மறந்துவிடும் ஒரு விஷயம். 2019 ஜூலை முதல் ஈ.எஸ்.ஐ.க்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் பங்கும், முதலாளியிடமிருந்து மூன்றே கால் பங்கும் பிடிக்கப்படுகின்றன. 15,000 ரூபாய் வாங்கும் பெண் மாதம் 112 ரூபாய் 50 காசு கொடுக்கின்றாள். காண்டிராக்டு தொழிலாளியும் இதில் சேர்ந்தவளே. பரு அதிகமாகித் தழும்பு விழும்போல் இருந்தால் அந்த மருந்தகத்துக்குப் போய், தோல் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்று கேட்பது பிச்சையல்ல. பென்சாயில் பெராக்சைடு, அடாபலின் போன்ற மருந்துகள் சோதித்துப் பலன் கண்டவை. ஆனால் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். கர்ப்பமானவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தொழிற்சங்கத்தார் போனஸ் கேட்கும்போதே, மருந்தகத்துக்குப் போய்வர சம்பளம் பிடிக்காத அரைநாள் விடுமுறையையும் கேட்டு வாங்குவார்களாக.