மரம் ஒன்று, பேச்சு வேறு

மரம் வெட்டும் ஆளுக்கு அமெரிக்காவின் மேற்குக் கரையில் ‘ஃபாலர்’ என்று பெயர். கிழக்கே போனால் அவரே ‘கட்டர்’! இதனால் பாதகம் இல்லை. வேலைச் சொல் மாறுவதில்தான் ஆபத்து.

மரம் சாயவேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் வெட்டி எடுப்பார்கள். மேற்கே அது ‘அண்டர்கட்’; ‘ஃபேஸ்’ என்பாரும் உண்டு. கிழக்கே ‘நாட்ச்’. இங்கிலாந்தில் ‘சிங்க்’. பிறகு எதிர்ப்புறம் அறுப்பார்கள். நடுவில் விட்டுவைக்கும் கட்டைதான் கதவுக் கீல்போல மரத்தைச் சாய்க்கிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் யார் தலையிலும் விழலாம்.

ஒடிந்து மேலே தொங்கும் கிளைக்கு ‘விடோமேக்கர்’ என்று பெயர். தாலியறுக்கும் கிளை!

புது ஆள் வந்த அன்றே மேஸ்திரி மரத்தைத் தொட்டுக் காட்டி, “இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?” என்று கேட்டுவிட வேண்டும். இயந்திர ரம்பம் ஓடத் தொடங்கினால் கத்தினாலும் காதில் விழாது.