அகத்தின் அழகும் நாற்பது வயதுப் பருவும்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்னும் பழமொழியைப் போல நம் மக்களின் முகங்களுக்குத் தீங்கு செய்த வாக்கியம் பிறிதொன்று இல்லை என்பது நம் துணிபு. உள்ளத்தின் உவகையும் துயரும் முகத்தில் புலப்படும் என்ற அளவில் அது நின்றிருந்தால் நமக்கும் அதற்கும் பிணக்கில்லை. அது அங்கே நிற்கவில்லை. முகத்தோலில் எழும் ஒவ்வொரு கொப்புளத்துக்கும் உள்ளே ஒரு குற்றம் ஒளிந்திருக்க வேண்டும் என்று தேடப் புறப்பட்டுவிட்டது. தணியாத உடற்சூடு, அடங்காத நாக்கு, கழுவாத முகம், கலங்கிய மனம், இவை யாவற்றுக்கும் மேலாகக் 'காலத்தில் ஆகாத கலியாணம்' என அந்தக் குற்றப்பட்டியல் நீள்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவரோ பெரும்பாலும் முப்பது வயதைக் கடந்த ஒரு பெண்.

கல்லூரிகளின் ஆசிரியர் ஓய்வறைகளை நாம் இருபதாண்டுகளாக அறிவோம். முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்றோர் அமரும் இடம் அது. தாடையோரம் சிவந்து தடித்த நான்கு பருக்களோடு ஒருவர் உள்ளே நுழைந்தால், 'என்ன மேடம், இன்னும் காலேஜ் பொண்ணுன்னு நெனப்பா?' என்று ஒரு குரல் எழும். 'எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைங்க' என்று இன்னொரு குரல் தொடரும். ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பு விடுபட்டால் சான்று கேட்கும் அதே பெருமக்கள், ஒரு மனித முகத்தைப் பற்றித் தீர்ப்பு வழங்கும்போது எந்தச் சான்றையும் தேடுவதில்லை.

சொல்லிலிருந்தே தொடங்குவோம், நமக்குத் தெரிந்த துறை அதுதான். 'பருவத்தில் வருவதால் பரு' என்று வகுப்பறையிலும் மேடையிலும் நயம்படச் சொல்லிக் கைதட்டல் வாங்குவோர் உண்டு. பரு என்பது பருத்தல் என்னும் வினையோடு உறவுடைய சொல். புடைத்து எழுவது பரு. பருவம் என்பதோ கணு, பகுதி, காலக்கூறு என்று பொருள்படும் வடமொழிப் 'பர்வ'த்தோடு இணைத்துச் சொல்லப்படுவது. ஒலி ஒத்திருப்பதால் உறவு கற்பித்த போலிச் சொல்லாராய்ச்சிதான், பதினாறு வயதைக் கடந்தவரின் பருவை இயற்கைக்கு மாறானதாக, ஏன், நகைப்புக்குரியதாக ஆக்கி வைத்திருக்கிறது.

உண்மை என்ன? அமெரிக்காவின் அலபாமாப் பல்கலைக்கழகத்தில் இருபது வயதும் அதற்கு மேலும் ஆன 1,013 பேரிடம் கேட்டு 2008-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றுண்டு. இருபதுகளில் இருந்த பெண்களில் 50.9 விழுக்காட்டினரும், முப்பதுகளில் 35.2 விழுக்காட்டினரும், நாற்பதுகளில் 26.3 விழுக்காட்டினரும் தமக்குப் பரு வருவதாகக் கூறினர். ஐம்பதைத் தாண்டிய பெண்களிலும் 15.3 விழுக்காடு. ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஆண்களின் அளவு குறைவே. நாற்பதுகளில் அது 12 விழுக்காடு. அது அவர்கள் நாட்டுக் கணக்கு, அவரவர் வாய்மொழியாகச் சொன்ன கணக்கு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நாற்பது வயதுப் பரு ஒரு விபரீதம் அன்று என்பதற்கு இது போதும்.

இனி, உள்ளே நிகழ்வது. தோலில் மயிர்க்கால் ஒவ்வொன்றையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்கள் அதைத் தூண்டுகின்றன. பெயரைக் கண்டு இவை ஆடவர்க்கே உரியவை என்று மயங்க வேண்டா. பெண்களின் சினைப்பையும் அட்ரீனல் சுரப்பியும் அவற்றைச் சுரக்கவே செய்கின்றன. எண்ணெய் மிகுகிறது, மயிர்க்காலின் வாயில் உதிரவேண்டிய தோற்செல்கள் உதிராமல் ஒட்டி அடைக்கின்றன, எல்லோர் தோலிலும் இயல்பாகவே வாழும் ஒரு நுண்ணுயிரி அந்த அடைப்புக்குள் பெருகுகிறது, உடலின் எதிர்ப்பாற்றல் அங்கே பாய, அழற்சி உண்டாகிறது. இதில் அழுக்குக்கு எங்கே இடம்? கரும்புள்ளியின் கருமை கூட அழுக்கன்று. அடைப்பிலுள்ள மெலனினும் காற்றுப்பட்ட கொழுப்பும் தரும் நிறமே அது. ஒரு நாளைக்கு ஆறு முறை சோப்புப் போட்டுத் தேய்ப்பவர் தம் தோலை வறட்டிப் புண்ணாக்குகிறார், நோயைத் தொடுவதேயில்லை.

வளர்ந்த பெண்களுக்கு வரும் பரு பெரும்பாலும் தாடையிலும் மோவாயிலும் கழுத்தோரத்திலும் ஆழ்ந்து நின்று வலிக்கும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பெருகும். இரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்தால் பலருக்கு இயல்பாகவே இருக்கும். அவர்களது சுரப்பிகள் அந்த இயல்பான அளவுக்கே மிகையாகத் துள்ளுகின்றன, அவ்வளவுதான். ஆகவே 'டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையே, எல்லாம் மனசுதான்' என்று அனுப்பிவிடுவதும் பிழை. அதே வேளையில் மாதவிடாய் தவறுதல், மோவாயில் முரட்டு மயிர், உச்சந்தலையில் முடி உதிர்தல் ஆகியவை பருவோடு சேர்ந்து வந்தால் சோதித்தே ஆகவேண்டும். 1935-இல் சிகாகோவின் ஸ்டைன், லெவந்தால் என்னும் இரு மருத்துவர்கள் ஏழு பெண்களை ஆராய்ந்து விவரித்த நிலை, இன்று நம் தெருக்களில் 'நீர்க்கட்டி' என்றும் 'பிசிஓடி' என்றும் வழங்குகிறது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது இருக்கலாம் என்றும், அவர்களில் 70 விழுக்காடு வரை தமக்கு இருப்பதையே அறியாதவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. முகப்பரு சிலருக்கு அதன் முதல் அறிகுறி. 'கலியாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று நாம் அனுப்பி வைக்கும் பெண், பிற்காலத்து நீரிழிவுக்கான வாய்ப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் அந்தக் கலியாணத்துக்குப் போகிறாள்.

உணவைப் பற்றிப் பேசாமல் நம்மவரால் எந்த நோயையும் விட முடியாது. 1969-இல் ஃபுல்டன், பிளெவிக், கிளிக்மன் ஆகிய மூவர் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, பருவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எழுதினர். உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்று பாடநூல்கள் நெடுங்காலம் ஓதியதற்கு அது ஒரு தூண். ஆனால் ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்பட்ட 'சாக்லேட் அல்லாத' கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தன! பாயசத்தையும் கேசரியையும் ஒப்பிட்டு இனிப்பால் கேடில்லை என்று முடிவு கட்டியது போன்றது இது. 2002-இல் கோர்டெயினும் உடனிருந்தோரும் பப்புவா நியூ கினியின் கிட்டாவாத் தீவில் 1,200 பேரை ஆராய்ந்து ஒரு பருவைக் கூடக் காணவில்லை என்று எழுதினர். மரபுக்கூறு அதற்குக் காரணமாகலாம்; கிழங்கும் மீனும் தேங்காயுமாகிய அவர்கள் உணவும் ஆகலாம். 2007-இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை 12 வாரம் வைத்துச் செய்த சோதனையில், இரத்தச் சர்க்கரையை விரைந்து ஏற்றாத உணவை உண்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. சர்க்கரை விரைந்து ஏறினால் இன்சுலின் ஏறுகிறது, இன்சுலின் ஆண்ட்ரோஜனின் கையை வலுப்படுத்துகிறது, வழி இதுதான். பாலைப் பற்றியும், குறிப்பாகக் கொழுப்பு நீக்கிய பாலைப் பற்றியும், இத்தகைய ஐயம் உண்டு. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் நினைவிலிருந்து சொன்ன உணவுக் கணக்கை நம்பியவை. உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்கள் கலக்கிக் குடிக்கும் மோர்ப்புரத மாவுக்கும் பருவுக்கும் உள்ள உறவைப் பல மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் கூட்டினால் கிடைப்பது என்ன? தீட்டிய வெள்ளை அரிசியையும் சீனி போட்ட காப்பியையும் குறைத்தால் சிலருக்குச் சற்றே பயன் விளையலாம். உணவை மாற்றினால் மட்டும் பரு தீரும் என்று எவரும் நிறுவவில்லை. வடையின் எண்ணெய் வயிறு வழியாக ஏறி முகத்தில் வழிகிறது என்னும் அரிய கண்டுபிடிப்புக்கோ சான்று எதுவுமில்லை. நிலக்கடலை பாவம், யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் பழி சுமக்கிறது. தலையில் வழியவழியத் தடவும் எண்ணெய் நெற்றியோரத்தில் பருவை எழுப்பும் என்பதோ உண்மை. ஆனால் அதைக் குறை சொல்ல நம் வீடுகளில் எவருக்கும் துணிவில்லை.

நம் சினம் முழுவதும் இனி வரும் செய்தியின் மீதுதான். பரு ஆறினாலும் மாநிறத் தோலில் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கிறது. வேதனைப்படும் பெண்ணின் கண்ணுக்குப் பருவைவிட அந்தக் கருமையே பெரிதாகத் தெரிகிறது. கருப்பைக் குற்றமாக்கிய ஊரில் வேறெப்படித் தெரியும்? அவள் மருந்துக்கடைக்குப் போகிறாள். கடைப்பையன் ஒரு சிறு குழாயை எடுத்து நீட்டுகிறான். மூன்று நாளில் சிவப்பு அடங்குகிறது. இரண்டு வாரத்தில் முகம் வெளுக்கிறது. உறவினர் வியக்கின்றனர், அக்காள் மகளுக்கும் ஒன்று வாங்கப்படுகிறது. அந்தக் குழாயில் இருப்பது பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், கிளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு. மாதங்கள் செல்லத் தோல் மெலிகிறது, நரம்புபோல் செந்நிறக் குருதிக்குழல்கள் தெரிகின்றன, மயிர் முளைக்கிறது, அதே ஸ்டீராய்டே புதிய பருக் கூட்டத்தையும் கொண்டுவருகிறது. நிறுத்தினால் முகம் தீயாய் எரிகிறது. எரிவதால் மீண்டும் பூசுகிறாள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்னும் பொருளில் தனிப்பெயரே சூட்ட நேர்ந்தது. 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று அட்டவணை 'எச்'சில் சேர்த்தது. சீட்டுக் கேட்கும் கடை நம் கண்ணில் பட்டதைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம்.

2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரைக் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டபோது முற்போக்காளர் சிலர் மகிழ்ந்தனர். குழாயின் மேலிருந்த சொல் மாறியது. கண்ணாடி முன் நிற்பவளின் அச்சம் மாறவில்லை.

'மருந்து வேண்டாம், இயற்கையாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்னும் அன்பர்களுக்கும் ஒரு சொல். எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் நடந்தால் தோல் வெந்து கருக்கும். பற்பசை பூசினால் எரிச்சல்தான் மிஞ்சும். இயற்கை என்ற பெயரை ஒட்டினாலே எதுவும் மருந்தாகிவிடாது.

வழி இல்லாமலில்லை. அடைப்பை நீக்கும் அடாபலீன், டிரெட்டினாயின் போன்ற இரவுப் பூச்சுகளும், நுண்ணுயிரியை அடக்கும் பென்சாயில் பெராக்சைடும் அடிப்படை. முதல் சில வாரங்களில் தோல் உரியும், எரியும். பட்டாணி அளவுக்கு மேல் எடுக்கலாகாது. பயன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஏழே நாளில் நிலவு முகம் என்று விளம்பரம் பார்த்து வளர்ந்த நாம், மூன்றாம் வாரமே குழாயை வீசிவிடுகிறோம். ஆன்டிபயாட்டிக் மாத்திரை வேண்டுமெனில் மூன்று நான்கு மாதங்களுக்குள், தனித்துத் தராமல் தரவேண்டும். இல்லையேல் நுண்ணுயிரி அதற்குப் பழகிவிடும். பெண்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்னும் பழைய இரத்த அழுத்த மாத்திரை ஆண்ட்ரோஜனைத் தடுத்து உதவுகிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 410 பெண்களிடம் நடந்து 2023-இல் வெளியான சோதனையில் அதன் பயன் 12-ஆம் வாரத்தைக் காட்டிலும் 24-ஆம் வாரத்தில் தெளிவாகத் தெரிந்தது. கருவுற்றிருப்போர் அதை உண்ணலாகாது. கடும் பருவுக்கு 1982 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று வழங்கிவரும் ஐசோட்ரெட்டினாயின் உண்டு. வலிய மருந்து அது. கருவிலுள்ள குழந்தையைக் கடுமையாக ஊனப்படுத்தும் என்பதால் மருத்துவர் கண்காணிப்பும் கருத்தடையும் இன்றித் தொடவே கூடாது. இவை அனைத்தும் மருத்துவர் எழுதவேண்டியவை. எந்தக் குழாயையும் பரிந்துரைப்பது தமிழாசிரியரின் வேலையன்று.

இலக்கியப் பக்கத்தில் இந்த மருந்துப் பேச்சு எதற்கு என்று முகம் சுளிப்போர் இருப்பர். முகத்தை நிலவென்றும் தாமரையென்றும் பாடிப் பாடி மாசற்ற முகத்தையே முகமென்று கற்பித்தவர்கள் யார், கணக்கு வாத்தியார்களா? நம் சிறுகதைகளில் பரு வந்தால் பெரும்பாலும் அது பதினாறு வயதுக்காரியின் காதல் அறிகுறி. அம்மைத் தழும்பு வந்தால் கொடியவனின் அடையாளம். பருவோடு பாடம் நடத்தும், வங்கியில் பணம் எண்ணும், பிள்ளைக்குப் பாலூட்டும் முப்பத்தைந்து வயதுப் பெண் எங்கே? 2015-இல் வந்த 'பிரேமம்' என்னும் மலையாளப் படத்தில் சாய் பல்லவி, மலர் என்னும் தமிழ்நாட்டு விரிவுரையாளராகத் தம் பருக்களை மறைக்காமல் வந்தபோது அது ஒரு பெருஞ்செய்தியானதே இந்த வறுமைக்குச் சான்று. அதன்பின் நம்மவர் செய்த குறும்பையும் சொல்லவேண்டும்: 'பருவும் ஓர் அழகுதான்' என்று கவிதை எழுதக் கிளம்பிவிட்டனர்! சீழ்கோத்து வலிக்கும் கட்டியை அழகென்று பாடுவது, அதைப் பாவமென்று பழிப்பதற்கு உடன்பிறப்பு. இரண்டும் அவளை மருத்துவரிடம் அனுப்புவதில்லை.

பிரிட்டனில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பரு என்று மருத்துவர் குறித்த முதல் ஆண்டில் அந்நோயாளிகளுக்கு மனச்சோர்வு நேரும் வாய்ப்பு பிறரைவிட 63 விழுக்காடு மிகுதி என்று கண்டது. ஓய்வறையில் நாம் உதிர்க்கும் நகைச்சுவை போய் விழும் இடம் அது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் புறநோயாளர் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை, காலையில் போகவேண்டும். போகும்போது வீட்டில் பூசிக்கொண்டிருக்கும் குழாய் எதுவாயினும், பாதி பிதுக்கியதாயினும், வெட்கப்படாமல் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவர் முதலில் படிக்க வேண்டியது அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் சிற்றெழுத்தைத்தான்.